உறங்காத கும்பகர்ணன்



கும்பகர்ணன் என்ற பெயரைக் கேட்டவுடன் உங்கள் நினைவுக்கு வருபவன் ஆண்டிற் பாதி உறங்கிய இலங்கை வீரனே. நான் ஆசிரியனாயிருந்த காலத்தில், வகுப்பில் தூங்கி விழும் பையனுக்கு மற்றப் பிள்ளைகள் சூட்டும் பட்டமும் அதுவே. ஆனால் 15-ஆம் நூற்றாண்டில், ஆரவல்லி மலைத்தொடரின் நடுவே, அதே பெயர் தாங்கிய அரசன் ஒருவன் 35 ஆண்டுகள் ஆட்சி புரிந்தான். கல்வெட்டுக்கள் அவனைக் கும்பகர்ணன் என்றே குறிக்கின்றன. மக்கள் நாவில் அது தேய்ந்து கும்பா ஆயிற்று. மேவார் நாட்டு மகாராணா கும்பா என்று வரலாற்று நூல்கள் கூறுவது அவனையே. பெயருக்கும் ஆளுக்கும் இவ்வளவு பொருத்தமின்மை வேறு எவரிடத்தும் காண்டல் அரிது. அவனுக்கு உறங்க நேரம் இருந்ததாகவே தெரியவில்லை.

மேவார் என்பது இன்றைய இராஜஸ்தான் மாநிலத்தின் தென்பகுதி. இராஜபுத்திரருள் சிசோதியர் என்னும் குலத்தார் அதனை ஆண்டனர். அந்நாட்டின் உண்மையான அரசர் ஏகலிங்கநாதர் என்னும் சிவபெருமானே என்றும், தாம் அவருடைய திவான்களே என்றும் அவர்கள் சொல்லிக்கொள்வது வழக்கம். அவர்களது தலைநகர் சித்தூர். இது நமக்கு அண்மையிலுள்ள ஆந்திர நாட்டுச் சித்தூர் அன்று. குழப்பம் நேராதிருக்க அதனைச் சித்தோர் என்றே சொல்லிச் செல்கிறேன். சமவெளியின் நடுவே தனித்து எழுந்த நீண்ட மலையொன்றின் உச்சி முழுவதும் பரந்து கிடக்கும் கோட்டை அது.

கும்பாவின் கதையை அவன் பாட்டனார் காலத்திலிருந்து தொடங்கினால்தான் அது விளங்கும். பாட்டனாராகிய ராணா லாகாவின் அவைக்கு மார்வார் நாட்டிலிருந்து மணத்தூது வந்தது. மார்வாரை ஆண்ட ராத்தோர் குலத்துப் பெண் ஹன்சாபாயை, லாகாவின் மூத்த மகன் சூண்டாவுக்குக் கொடுக்க விரும்பி, வழக்கப்படி தேங்காய் அனுப்பியிருந்தனர். இது நரைத்த தாடிக்காரனுக்கு வந்ததாக இராது என்று முதிய லாகா வேடிக்கையாகச் சொன்னானாம். தந்தை விளையாட்டாகவேனும் மனத்தில் நினைத்த பெண்ணை மணப்பது தகாது என்று சூண்டா மறுத்துவிட்டான். முடிவில் லாகாவே அவளை மணந்தான். அவளுக்குப் பிறக்கும் மகனுக்கே அரசுரிமை என்று சூண்டா சூளுரைத்தான். பீஷ்மரின் கதையை அறிந்த நமக்கு இதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. மேவார் மக்களும் சூண்டாவைப் பீஷ்மரோடு ஒப்பிடுவதுண்டு. இந்நிகழ்ச்சி மரபாகச் சொல்லப்பட்டு வருவது. ஆயினும் சூண்டா அரசுரிமையைத் துறந்ததும், ஹன்சாபாயின் மகன் மோகல் அரியணை ஏறியதும் நடந்தவையே.

இப்படி ஒரு தியாகத்தில் தொடங்கிய அரசு குருதியில் தோய்ந்தது. 1433-இல் மோகல் தன் பாசறையிலேயே கொல்லப்பட்டான். கொன்றவர்கள் சாசா, மேரா என்னும் இருவர். அவனுக்குச் சிற்றப்பன் முறையினர், காமக்கிழத்தியின் வயிற்றில் பிறந்தவர்கள். அவர்களுடைய தாய் தச்சர் குலத்துப் பெண். வழியில் நின்ற மரமொன்றைக் காட்டி, இஃது என்ன மரம் என்று மோகல் அவர்களைக் கேட்டான் என்றும், தச்சச்சி மக்கள் என்று தம்மை இகழவே அவ்வாறு கேட்டான் என அவர்கள் கொண்டனர் என்றும் ஒரு கதை வழங்குகிறது.

மோகலின் மகனே கும்பா. அரியணை ஏறிய இளைஞனுக்குத் துணையாக வந்தவன், பாட்டி ஹன்சாபாயின் உடன்பிறந்தானாகிய ராத்தோர் ரண்மல். கொலைகாரர்களை அவன் வேட்டையாடி ஒழித்தான். ஆனால் துணையாக வந்தவன் நாளடைவில் துரையாக மாறினான். சித்தோர்க் கோட்டையின் பொறுப்புக்கள் ஒவ்வொன்றாக ராத்தோர்களின் கைக்குப் போயின. சூண்டாவின் தம்பி ராகவதேவன் கொல்லப்பட்டான். மாளவத்துச் சுல்தானிடம் போயிருந்த சூண்டா திரும்பி வந்தான். 1438-இல் ரண்மல் சித்தோரிலேயே கொல்லப்பட்டான். அவன் மகன் ஜோதா உயிர் தப்பி ஓடினான். மார்வாரின் பழைய தலைநகராகிய மண்டோர் மேவாரின் வசமாகி, ஏறத்தாழ 15 ஆண்டுகள் அதன் கையில் இருந்தது. ஜோதா 1453-இல் அதனை மீட்டான். 1459-இல் அவன் தோற்றுவித்த நகரமே இன்று புகழ் பெற்று விளங்கும் ஜோத்பூர். பின்பு இரு குலத்தாரும் சமாதானமாயினர். ஜோதாவின் மகளைக் கும்பாவின் மகன் ராயமல் மணந்தான்.

இனி, வெளிப்பகையைக் காண்போம். மேவாருக்குத் தென்கிழக்கே மாளவம், தென்மேற்கே குஜராத். இரண்டும் செல்வமும் படையும் மிக்க சுல்தான்களின் அரசுகள். மாளவத்தில், மாண்டு நகரைத் தலைநகராகக் கொண்டு, மஹ்மூத் கில்ஜி 1436 முதல் 1469 வரை ஆண்டான். கும்பாவுக்கு அவன் வாழ்நாள் பகைவன். இப்போர்களைச் சமயப்போர் என்றே பலர் எழுதிவிட்டனர். எனக்கு அஃது ஒப்ப முடிந்ததன்று. முதற்போருக்கு மேவார் மரபு கூறும் காரணத்தைப் பாருங்கள். மோகலைக் கொன்ற சதியில் பங்குகொண்ட மஹ்பா என்பவன் தப்பியோடி மாண்டுவில் அடைக்கலம் புகுந்தான். அவனும் இராஜபுத்திரனே. தந்தையைக் கொன்றவனைத் தருக என்றான் கும்பா. அடைக்கலம் புகுந்தவனைத் தாரேன் என்றான் சுல்தான். அதே மாண்டுவில்தான் மேவாரின் பீஷ்மனாகிய சூண்டாவும் தங்கியிருந்தான் என்பதை மறவாதீர்கள். பின்னாளில் நாகோர் நகரத்து முஸ்லிம் தலைவர்களுக்குள் உரிமைப் பூசல் எழுந்தபோது, அவர்களுள் ஒருவனாகிய ஷம்ஸ்கான் உதவி நாடி வந்தது கும்பாவிடமே. உதவி பெற்றபின் இருவருக்கும் பகை மூண்டது வேறு செய்தி. நிலமும் மானமும் அடைக்கலமும் ஆகிய இவையே அக்காலத்துப் பூசல்களின் வேர்கள். போர் மூண்ட பின்னர் இரு தரப்பாரும் சமயத்தின் பெயரையும் துணைக்கு அழைத்துக்கொண்டனர்.

1437-இல் சாரங்கபுரத்தில் நடந்த போரில் கும்பா வென்றான் என்றும், சுல்தானைச் சிறைப்பிடித்துச் சித்தோருக்குக் கொண்டுவந்து ஆறு திங்கள் வைத்திருந்து விடுதலை செய்தான் என்றும் மேவார் மரபு கூறும். 1439-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, கும்பா கொண்ட ஊர்களின் வரிசையில் சாரங்கபுரத்தையும் சேர்த்துச் சொல்கிறது. ஆனால் சுல்தான் சிறைப்பட்ட செய்தியை மாளவத்து வரலாற்றாசிரியர்கள் சொல்லவில்லை. அவர்கள் சொல்வன சுல்தானின் வெற்றிகளையே. 1443-இல் அவன் சித்தோர்வரை படையெடுத்து வந்ததையும், 1444-இல் காக்ரோன் கோட்டையைக் கைப்பற்றியதையும் விரிவாக எழுதுகின்றனர்.

இனி நான் சொல்லப்போவது வரலாறு பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் நினைவில் இருத்த வேண்டிய செய்தி. சித்தோர்க் கோட்டையில் கும்பா எடுப்பித்த வெற்றித்தூண் ஒன்பது நிலைகளோடு இன்றும் நிற்கிறது. சரித்திரப் புத்தகங்களில் அதன் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது 1448-இல் முடிவுற்றது. மாண்டுவில் மஹ்மூத் கில்ஜியும் ஒரு வெற்றித்தூண் எடுப்பித்தான். அதற்கு ஏழு நிலைகள். எதற்காக? மேவாரின் கும்பாவை வென்றதற்காக! ஆக, ஒரே பகையில் இருவரும் வென்றனர். இருவரும் வானளாவத் தூண் நாட்டினர். மாண்டுத் தூண் இடிந்து விழுந்துவிட்டது. அடிப்பகுதி மட்டுமே எஞ்சியுள்ளது. சித்தோர்த் தூண் நிற்கிறது. நிற்கும் தூண் சொல்வதே உண்மை, விழுந்த தூண் சொன்னது பொய் என்று தீர்ப்புக் கூறிவிடலாமா? ஒன்று நின்றதும் ஒன்று விழுந்ததும் அடித்தளத்தையும் கட்டுமானத்தையும் பொறுத்தவை. எல்லைப்புறக் கோட்டைகள் கை மாறின, மீண்டும் மாறின. ஆனால் சுல்தானால் மேவாரை விழுங்க முடியவில்லை, கும்பாவால் மாளவத்தை அடக்க முடியவில்லை என்பதே நடுநின்று நோக்குவார்க்குத் தோன்றுவது. 1456-இல் மாளவமும் குஜராத்தும் சம்பானேர் என்னுமிடத்தில் உடன்படிக்கை செய்துகொண்டு, மேவாரைக் கைப்பற்றிப் பங்கிட்டுக்கொள்வதென முடிவு செய்தன. பங்கிடுதல் நடைபெறவே இல்லை. இரு பெரும் அரசுகள் இருபுறமும் நெருக்கியபோது நடுவில் நசுங்காதிருந்ததே கும்பாவின் உண்மையான வெற்றி என்பேன். ஆனால் நசுங்காதிருந்ததற்காகத் தூண் நாட்டும் அரசனை உலகம் கண்டதில்லை.

சித்தோர்த் தூணைப் பற்றி இன்னும் சில சொற்கள். அதன் உயரம் ஏறத்தாழ 37 மீட்டர். உள்ளே குறுகிய படிகள் 157. திருமாலுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அத்தூணின் உள்ளும் புறமும் தெய்வ வடிவங்கள் செறிந்திருக்கின்றன. பல வடிவங்களின் கீழே இன்ன தெய்வம் என்று பெயரும் பொறித்திருக்கிறார்கள். சிற்பம் பயில்வார்க்கு அது கல்லில் அமைந்த அகராதி. அதே தூணின் மூன்றாம் நிலையிலும் எட்டாம் நிலையிலும் அல்லா என்னும் திருப்பெயர் அரபு எழுத்தில் பலமுறை பொறிக்கப்பட்டிருக்கிறது. சுல்தானை வென்றதாகச் சொல்லி எழுப்பிய தூணில் சுல்தான் தொழும் இறைவன் பெயர்! அக்காலத்தை ஒற்றைக் கோட்டில் வகுத்துவிட நினைப்பவர்கள் அந்தப் படிகளில் ஒருமுறை ஏறி இறங்க வேண்டும்.

முன்சொன்ன 1439-ஆம் ஆண்டுக் கல்வெட்டுக் கும்பாவை 'இந்து சுரத்திராணன்' என்று புகழ்கிறது. சுரத்திராணன் என்பது சுல்தான் என்ற சொல்லுக்கு வடமொழியில் தைத்த சட்டை. தென்னாட்டில் விஜயநகர வேந்தர்களும் 'இந்துராய சுரத்திராணன்' என்னும் விருதைத் தாங்கினர். கும்பா அரியணை ஏறியபோது விஜயநகரத்தில் இரண்டாம் தேவராயன் ஆண்டுகொண்டிருந்தான். பகைவனுடைய பட்டத்தையே தனக்குப் பெருமையாக அணிந்துகொள்ளும் இவ்வழக்கம் வடக்கிலும் தெற்கிலும் ஒருங்கே காணப்படுவது எண்ணத் தக்கது.

போரைவிட நெடுநாள் நின்றவை கும்பா கட்டியவை. மேவாரைக் காத்த 84 கோட்டைகளுள் 32 அவன் கட்டியவை என்பது மரபு. அவற்றுள் தலையாயது அவன் பெயராலேயே வழங்கும் கும்பல்கட். 1443-இல் தொடங்கி 1458-இல் முடித்த கோட்டை அது. சித்தோர் சமவெளியில் நிற்பதால் முற்றுகைக்கு எளிதில் இலக்காகும். ஆதலால் ஆரவல்லியின் உள்மடிப்பில், பகைவர் நெருங்குவதற்கு அரிய இடத்தில், இரண்டாவது அரண் ஒன்று வேண்டும் எனக் கும்பா கருதினான். அதன் மதில் மலைமுகடுகளின் மேல் சுமார் 36 கிலோமீட்டர் ஏறியும் இறங்கியும் வளைந்து செல்கிறது. அவன் கருத்து எத்துணைத் தீர்க்கமானது என்பது நூறாண்டுக்குப் பின் தெரிந்தது. மகாராணா பிரதாபன் 1540-இல் பிறந்தது அக்கோட்டையிலேயே. அக்பரின் தளபதி ஷாபாஸ்கான் 1578-இல் அதனைக் கைப்பற்றினான் என்பதும் உண்மை. வெல்லவே முடியாத கோட்டை என்பது வழிகாட்டிகளின் சொல். 2013-இல் இராஜஸ்தானத்து மலைக்கோட்டைகள் ஆறினை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றபோது, சித்தோரும் கும்பல்கட்டும் அவற்றுள் இடம்பெற்றன.

கட்டியவன் கும்பா என்கிறோம். கல்லைச் செதுக்கிய கைகள் யாருடையவை? இந்தக் கேள்விக்கு நம் நாட்டிற் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. எத்தனையோ பெருங்கோயில்களைக் கட்டிய தச்சர் பெயரை நாம் அறியோம். மேவாரில் விடை கிடைக்கிறது. சித்தோர்த் தூணைக் கட்டிய ஜைதா என்னும் சிற்பியின் பெயரும் அவருடைய மக்கள் பெயரும் அத்தூணின் ஐந்தாம் நிலையிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. கும்பல்கட்டை வகுத்த மண்டனர் குஜராத்திலிருந்து வந்த குடும்பத்தினர். அவர் உளி பிடித்தவர் மட்டும் அல்லர், ஏடும் எழுதினார். கோயில் அமைப்பைப் பற்றிப் பிராசாத மண்டனம், மனைகளையும் நகரங்களையும் பற்றி ராஜவல்லப மண்டனம், தெய்வ வடிவங்களைப் பற்றி ரூப மண்டனம் என அவர் இயற்றிய வடமொழி நூல்கள் இன்றும் ஸ்தபதியர்களாலும் ஆராய்ச்சியாளர்களாலும் பயிலப்படுகின்றன. அவருடைய தம்பி நாதரும் மகன் கோவிந்தரும் சிற்ப நூல்கள் எழுதியவர்களே. கைவினைஞன் ஆசிரியனாகவும் விளங்க இடங்கொடுத்த அரசவையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஓர் ஆசிரியன் அவ்வாறு சொல்வதில் சிறிது தன்னலமும் இருக்கலாம்.

ரணக்பூரில் உள்ள நான்முகச் சமணக் கோயிலையும் இங்கே சொல்ல வேண்டும். கட்டுவித்தவர் தரணா ஷா என்னும் சமண வணிகர். வகுத்தவர் தேபாகர் என்னும் சிற்பி. ஆதிநாதருக்குரிய அக்கோயிலில் 1,444 தூண்கள் உள்ளன. ஒன்றைப்போல் மற்றொன்று இராது என்பர். நான் இருமுறை குறிப்பிட்ட 1439-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கே இருப்பதுதான். சிவனைக் குலதெய்வமாகவும் திருமாலை இட்டதெய்வமாகவும் கொண்ட அரசனின் வெற்றிகளை, சமணர் கட்டிய கோயில் பாடுகிறது. அவ்வூர்ப் பெயரும் ராணாவின் பட்டத்தால் அமைந்ததே.

வாள் பிடித்த கை வீணையும் பிடித்தது. கும்பாவின் பெயரால் வழங்கும் சங்கீதராஜம், ஏறத்தாழ 16,000 சுலோகங்கள் கொண்ட பெருநூல். பாடம், கீதம், வாத்தியம், நிருத்தியம், ரசம் எனும் ஐந்து பொருள்கள் பற்றி ஐந்து ரத்தின கோசங்களாகப் பிரிந்தது. 13-ஆம் நூற்றாண்டில் தேவகிரியில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரத்தை அடியொற்றியது. இதே காலத்தில் விஜயநகர அரசவையில் கல்லிநாதர் அந்த ரத்னாகரத்துக்குக் கலாநிதி என்னும் உரை வரைந்தார். இசை பயிலும் மாணவர்கள் கல்லிநாதரை அறிவர். ஒரே மூலநூலைத் துங்கபத்திரைக் கரையில் ஒருவர் விளக்க, ஆரவல்லி மலையில் ஒருவர் விரித்தார். இருவரும் ஒருவரை ஒருவர் கண்டவர் அல்லர்.

ஜயதேவரின் கீதகோவிந்தத்துக்குக் கும்பா ரசிகப்பிரியை என்ற உரை எழுதினான். அஷ்டபதி என்று நம் பஜனை மடங்களில் பாடப்படும் பாடல்கள் அந்நூலில் உள்ளவையே. உரை எழுதியதோடு அவன் நிற்கவில்லை. ஜயதேவர் குறித்த இராகங்களை விடுத்து, தனக்கு உகந்த இராக தாளங்களை வகுத்தான். பாணரின் சண்டீசதகத்துக்கும் உரை கண்டான். மராட்டம், கன்னடம், மேவாரி ஆகிய மொழிகள் பயிலும் நான்கு நாடகங்களும் அவன் இயற்றியதாகச் சித்தோர்த் தூணின் புகழ்க்கல்வெட்டுக் கூறும். அவை நமக்குக் கிட்டவில்லை.

இத்தனைப் போர்களுக்கிடையே ஓர் அரசன் இவற்றையெல்லாம் எழுதியிருக்க முடியுமா என ஐயுறுவோர் உளர். சங்கீதராஜத்தின் சில சுவடிகளில் கும்பாவின் பெயருக்குப் பதிலாகக் காலசேனன் என வேறு பெயர் காணப்படுகிறது. அவைப் புலவர்கள் துணை செய்திருக்கக்கூடும். ஆயினும் பிறருடைய இராகங்களை மாற்றித் தன் இராகங்களை அமைக்கும் துணிவு பொன் கொடுத்து வாங்கும் பொருளன்று. அந்த நூல் நெடுங்காலம் சுவடிகளில் கிடந்தது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் வாயிலாகப் பிரேமலதா சர்மா அவர்கள் அதன் முதற்பகுதியை 1963-இல் பதிப்பித்தார்கள்.

இடையில் ஒன்று. மீராபாய் கும்பாவின் மனைவி என்று சிலர் எண்ணுகின்றனர். கர்னல் டாட் என்னும் ஆங்கிலேயர் இராஜபுத்திரரின் வரலாற்றை எழுதியபோது அவ்வாறு குறித்துவிட்டார். சித்தோரில் கும்பா கட்டிய திருமால் கோயிலுக்கு அருகே மீரா கோயில் இருப்பது அதற்கு ஒரு காரணமாகலாம். நம் நாட்டவருக்கு மேவாரை அறிமுகம் செய்துவைத்தது, 1945-இல் வெளிவந்து எம். எஸ். சுப்புலட்சுமி அவர்கள் பாடி நடித்த 'மீரா' படமே ஆதலால், இதனைத் தெளிவுபடுத்துவது நன்று. கும்பாவின் மகன் ராயமல். அவன் மகன் சங்கா, 1527-இல் கான்வாவில் பாபரோடு போரிட்டவன். சங்காவின் மகன் போஜராஜன். மீரா அந்தப் போஜராஜனின் மனைவி. கும்பா இறந்து ஏறத்தாழ 30 ஆண்டு கழிந்த பின்னரே அவர் பிறந்தார். ஆண்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால் தீர்ந்துபோகும் ஐயங்கள் வரலாற்றில் பல.

தந்தையின் கொலையில் தொடங்கிய கும்பாவின் ஆட்சி எவ்வாறு முடிந்தது? இறுதி நாட்களில் அவன் சித்தம் கலங்கியிருந்ததாகச் சொல்வர். 1468-இல், கும்பல்கட் கோட்டைக்குள், மாமாதேவர் கோயிலை அடுத்த குளக்கரையில் இருந்தபோது, அவன் கொல்லப்பட்டான். கொன்றவன் அவன் மூத்த மகன் உதா. மாளவத்தின் படையும் குஜராத்தின் படையும் 30 ஆண்டு முயன்று செய்ய முடியாததை, வீட்டுக்குள்ளிருந்த ஒரு கத்தி செய்து முடித்தது. 36 கிலோமீட்டர் மதில் அதற்குத் தடையாகவில்லை. அடுத்து அரசுக்கு வருபவன் யார், எப்போது என்னும் கேள்விக்கு அந்த அரசமைப்பில் உறுதியான விடை இல்லை. சூண்டாவைப் போன்ற ஒருவன் விட்டுக்கொடுத்தாலும் பூசல். உதாவைப் போன்ற ஒருவன் பொறுக்க மாட்டாவிட்டாலும் பூசல். கும்பாவின் அறிவு கோட்டைக்கும் கோயிலுக்கும் இசைக்கும் இலக்கணம் கண்டது, இதற்குக் காணவில்லை.

உதா ஐந்தாண்டு ஆண்டான். தந்தையைக் கொன்றவனுக்கு மேவார்ப் பிரபுக்கள் மனமார அடங்கவில்லை. 1473-இல் தம்பி ராயமல் அவனைத் துரத்தி அரசைக் கைக்கொண்டான். கொலைகாரன் என்ற அடைமொழியோடு அன்றி மேவார்ச் சரித்திரக்காரர் உதாவைக் குறிப்பதில்லை.

கும்பா வீழ்ந்த குளக்கரையை அடுத்த அந்த மாமாதேவர் கோயிலிலேதான், அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1460-இல், அவன் ஒரு பெரிய கல்வெட்டை அமைத்திருந்தான். தன் குலத்து முன்னோர் வரிசையைத் தேடி ஒழுங்குபடுத்தி, தந்தைக்குப் பின் மகன், மகனுக்குப் பின் அவன் மகன் எனக் கற்பலகைகளில் பொறிக்கச் செய்திருந்தான். அப்பலகைகள் பிற்காலத்தில் உதயபுரி அருங்காட்சியகத்திற் சேர்க்கப்பட்டன. மேவாரின் பழைய வரலாற்றை ஆராய்வோர் இன்றும் முதலில் புரட்டும் ஏடு அவையே.